இங்கதானுங்க, பக்கத்துல

தாது வருஷம் சித்திரை மாதத்துக் கடைசி வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு, நாங்கள் நால்வரும் கண்டிக்குப் புறப்பட்டோம். ஆறரை மணி என்று என் மகன் இன்றும் சொல்கிறான். அவனிடம் அன்று கடிகாரம் கிடையாது. என்னிடம் இருந்தது, நாட்குறிப்பும் இருந்தது.

நால்வர் என்றால் நான், என் மனைவி, இருபத்தாறு வயது மகன், இருபத்திரண்டு வயது மகள். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். மகன் சேலத்தில் ஒரு பஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். மகள் திருச்சியில் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு அந்தப் பங்குனியில்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த பதினைந்தாம் நாள் அவள் பெயருக்குக் கண்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இன்ன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமை ஆசிரியையை நேரில் பார்க்கவேண்டும். ஒத்துவந்தால் ஆனியில் வேலையில் சேரலாம். அண்ணனும் தங்கையும் சேர்ந்து எங்களுக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.

என் மனைவி முடியாது என்றாள். ஒரு மாதம் வரை, காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும், முடியாது என்றாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. தமிழ் வருஷங்கள் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை சுற்றி வரும். இதற்கு முந்தைய தாது வருஷத்தில்தான் எங்கள் பக்கத்தையே வாரிக்கொண்டு போன பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் என் மனைவியின் பாட்டனாருடைய தம்பி, தேயிலைத் தோட்டமோ காப்பித் தோட்டமோ, கண்டிச் சீமைக்குப் போனார். ஆற்றைத் தாண்டப் பரிசலில் ஏறும்போது யாரோ எங்கே போகிறாய் என்று கேட்க, அவர் கண்டிக்கு என்று பதில் சொல்லிவிட்டார். அதனால்தான் அவர் திரும்பவில்லை என்பது அவர்கள் குடும்பத்தின் முடிவு. பஞ்சத்தைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அதெல்லாஞ் செரிங்க. எடத்தச் சொன்னாரா இல்லையா?" என்றாள்.

எங்கள் ஊரில் புறப்படுகிறவரைப் பார்த்து யாரும் எங்கே என்று கேட்கமாட்டார்கள். கேட்டே தீரவேண்டும் என்றால் தூரமா என்று கேட்பார்கள். அதற்கு, காசிக்கே போவதாக இருந்தாலும், இங்கேதான், பக்கத்தில்தான் என்று பதில் சொல்லவேண்டும். தப்பித்தவறி யாராவது எங்கே என்று கேட்டுவிட்டால், சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி புதிதாகப் புறப்படவேண்டும். இது எல்லோருக்கும் வழக்கம். என் மனைவிக்குச் சட்டம்.

கடைசியில் சமரசம் செய்துவைத்தது நான்தான். மகனுக்குப் பதினொரு நாள் லீவு கிடைத்தது. நால்வருமாகச் சுற்றிப் பார்க்கப் போவது. போகிற போக்கில் அந்தப் பள்ளியையும் பார்ப்பது. பார்த்த பிறகு அவள் அம்மா என்ன சொல்கிறாளோ அதுவே முடிவு. மகள் ஒத்துக்கொண்டாள். "அம்மா வேண்டாம்னா வேண்டாம். பொறவு அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகு என் மனைவி சரி என்றாள். கடல் தாண்டிப் பார்த்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு எடை அதிகம் என்று அவள் கணக்குப் போட்டிருக்கவேண்டும்.

பயணத்துக்கு நான் செய்த ஏற்பாடுகளைக் குறைசொல்ல முடியாது. ரயில் நேரம், கப்பல் நேரம், கண்டியில் பார்க்கவேண்டிய இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதியிருந்தேன். வெளிநாடு போகிறவர்கள் தங்கள் விவரத்தை எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்ததால், முதல் பக்கத்தில் நால்வரின் பெயர், வயது, உயரம், மச்சம் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதினேன். இந்தக் கட்டத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

என் மனைவியின் ஏற்பாடுகள் வேறு. எள்ளுருண்டை ஒரு டின், புளிச்சோறு இரண்டு தூக்கு, நூறு நூறாகக் கட்டிய எங்கள் கொடிக்கால் வெற்றிலை நான்கு கட்டு, திருகுமூடி போட்ட பித்தளைக் கூஜா நிறைய ஆற்றுத் தண்ணீர். வழியில் யாராவது எங்கே என்று கேட்டுத் தொலைத்தால் குடிப்பதற்கு நம் தண்ணீராக இருக்கவேண்டும் என்றாள்.

சித்திரையில் ஆற்றில் பாதி மணல்தான். மணலில் நடந்து, மீதிக்குப் பரிசலேறி, அக்கரையில் வண்டி பிடித்து, கரூரில் ரயில் ஏறித் திருச்சி போய்ச் சேர்ந்தோம். போகும் வழியிலேயே ஒன்று புரிந்துவிட்டது. பிள்ளைகள் என் ஏற்பாட்டை வாங்கித் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். டிக்கெட்டுகள் மகன் சட்டைப்பைக்குப் போயின. என் குடையை மகள் வாங்கிக்கொண்டாள். ரயில் நிற்கும் இடங்களில் நான் இறங்கி ஊர்ப்பலகையைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்வது வழக்கம். மகன் ஜன்னல் வழியாக என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். இருபது வருஷம் கோயில் திருவிழாக்களில் நான் இவர்களை எண்ணிக்கொண்டு நடந்தேன். இப்போது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இவர்கள் எங்களை எண்ணினார்கள். "ரெண்டு" என்பான் மகன். "ரெண்டு" என்று மகள் சரிபார்ப்பாள்.

செவ்வாய்க்கிழமை கப்பலுக்குப் போகும் ரயிலில் இரண்டாம் வகுப்பில் ஏறலாம் என்றேன். பேச ஆள் இல்லாத பெட்டியில் உட்கார்ந்து என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். மூன்றாம் வகுப்பில் ஏறினோம். மானாமதுரை வருவதற்குள் பெட்டியில் இருந்தவர்களின் பிள்ளை குட்டி, நோய் நொடி எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே போகிறோம் என்பது மட்டும் பெட்டியில் ஒருவருக்கும் தெரியாது.

கடலுக்கு முன்னால் ஒரு பரிசோதனை முகாம் உண்டு. அம்மை, காலரா கடல் தாண்டிப் போகாமல் இருக்கும்பொருட்டு ஏற்பட்டது. தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஐந்து நாள் அங்கே தங்கவைத்துப் பார்த்துத்தான் கப்பலேற்றுவார்கள். வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றே போகலாம். இவையெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் மூன்றாம் வகுப்பில் குடும்பத்தோடு, தூக்கும் மூட்டையுமாக, வேடிக்கை பார்க்கப் போகிற விவசாயியை எந்த வரிசையில் நிறுத்துவது என்று என் புத்தகம் சொல்லவில்லை. முகாமில் இருந்தவர்களுக்கும் அப்படி ஒருவரைப் பார்த்த பழக்கம் இல்லை.

ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. நடுவில் மேஜை போட்டு ஒரு குமாஸ்தா இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி விசாரித்தார். பெண்கள் வரிசையில் என் மனைவி முதலில் நின்றாள், அவளுக்குப் பின்னால் மகள்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் குமாஸ்தா.

என் மனைவியின் முகம் மாறியது. கூஜாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கதானுங்க சாமி, பக்கத்துல."

"பக்கத்துலன்னா? அந்தப் பக்கம் கடல்தானே இருக்கு."

"ஆமாங்க."

"எதுக்குப் போறீங்க?"

"சும்மாங்க."

"எப்பத் திரும்புவீங்க?"

"போயிட்டு வந்துருவமுங்க."

குமாஸ்தா பொறுமைசாலி. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆண்கள் பக்கம் திரும்பினார். அங்கே என் மகன் நின்றான். அவன் ஒளிவு மறைவு இல்லாதவன். தங்கச்சிக்கு வேலை விஷயமாகப் போகிறோம் என்றான். அடுத்து நான். நான் நோட்டைத் திறந்து, கண்டியில் தாவரத் தோட்டம் பார்க்க ஐந்து மணி நேரம், தலதா கோயில் பார்க்க ஒன்றரை மணி நேரம் என்று படிக்கத் தொடங்கினேன். குமாஸ்தா நோட்டை வாங்கி முதல் பக்கத்துக்குத் திருப்பினார். பெயர், வயது, உயரம், மச்சம். என் கட்டத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். கோடுகள் நேராக இருந்ததைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"எத்தனை வருஷமாக் கங்காணி வேலை பாக்கறீங்க?" என்றார்.

கங்காணி என்றால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர். ஆட்களின் பெயர், வயது, அங்க அடையாளம் எழுதிய பட்டியல் அவர்கள் கையில் இருக்கும். அவர் சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது. நான் கங்காணி இல்லை என்றேன். இதுவரை கங்காணி யாரும் தன்னைக் கங்காணி என்று சொன்னதில்லை என்றார் அவர். இவள் என் மனைவி, இவன் என் மகன் என்றேன். அதையும் எல்லாரும் சொல்வார்கள் என்றார். குமாஸ்தாவைக் குறைசொல்ல நியாயம் இல்லை. போகும் இடத்தைச் சொல்லாத ஓர் அம்மாள், வேலைக்குப் போகிறோம் என்னும் ஒரு வாலிபன், மச்சப் பட்டியலோடு ஒரு பெரியவர். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மகள் வரிசையை விட்டு வெளியே வந்து இங்கிலீஷில் விளக்கினாள். குமாஸ்தா எழுந்து நின்று கேட்டார். ஆனால் வரிசை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. டாக்டர் கப்பலுக்குப் போய்விட்டார், மறுநாள் காலை வருவார் என்றார். எங்கள் பெட்டி படுக்கைகளைக் கொதிநீராவியில் போட எடுத்துப் போனார்கள். வெற்றிலைக் கட்டுகளும் கூடப் போயின. வேகவைத்த கீரையாகத் திரும்பி வந்தன. கூஜாவை மட்டும் என் மனைவி கொடுக்கவில்லை.

ஐந்து நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை பத்து மணி போய்விடும். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மற்ற மூவரும் விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தேன். மகள் தூக்கைத் திறந்து எல்லோருக்கும் புளிச்சோறு போட்டாள். அம்மாவுக்குப் போடும்போது மட்டும் கரண்டி சற்று ஓசைப்பட்டது. என் மனைவி அதைக் கவனிக்காத மாதிரி சாப்பிட்டாள். நன்றாகவும் சாப்பிட்டாள். அவள் நினைத்தது தானாகவே நடந்துகொண்டிருந்தது. பழியும் அவள் தலையில் இல்லை.

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு டாக்டர் வந்தார். வயதானவர், மதுரைப் பக்கத்துத் தமிழ். மகள் கண்டிக் கடிதத்தைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். கடிதம் சரிதான், ஆனால் பள்ளிக்கூட வேலை என்று சொல்லிப் பெண்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதும் நடக்கிறது. பெற்ற தாய் தன் வாயால் சொல்லட்டும், விட்டுவிடுகிறேன் என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எங்க போறீங்க?"

நாங்கள் மூவரும் அவளைப் பார்த்தோம். அவள் எப்போதும் சொல்வதையே சொன்னால் போதும். வழக்கத்தைக் காப்பாற்றியதாக இருக்கும். மகள் வீட்டோடு இருந்துவிடுவாள். ஊரில் ஒரு குறை சொல்ல வழி இல்லை. மகள் அம்மாவைக் கெஞ்சவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கடிகாரத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"கண்டிக்குங்க" என்றாள் என் மனைவி. "என்ற புள்ளைக்கு அங்க பள்ளிக்கூடத்துல வேலைங்க. வெள்ளிக்கெழம பத்து மணிக்கு வரச் சொல்லீருக்காங்க. இவிய என்ற ஊட்டுக்காரரு. கங்காணியுமில்ல, ஒண்ணுமில்லைங்க. பொழுதன்னிக்கும் இப்படி எதையாவது கட்டம் போட்டு எழுதீட்டு இருப்பாருங்க."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தின் மை காய்வதற்குள் என் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களையும் உட்காரச் சொன்னாள். கப்பல் துறைக்குப் போகும் ரயில் நின்றுகொண்டிருந்தது. அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். கூஜாவைத் திருகித் திறந்து ஆளுக்கு ஒரு வாய் ஆற்றுத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அண்ணாந்து டாக்டரைப் பார்த்து, கேட்டவர் நீங்கள்தான், அதனால் நீங்களும் குடித்தால் நல்லது என்று அவரிடமும் நீட்டினாள். காய்ச்சாத தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற மனிதர் அவர். அந்த வாசகமே அவர் தலைக்கு மேல் பலகையில் எழுதியிருந்தது. வாங்கிக் குடித்தார்.

ரயிலில் ஏறிய பிறகு மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "செரின்னு சொல்லிப்போட்டேன்னு நெனச்சுக்காத" என்றாள் என் மனைவி. "அஞ்சு நாளு அந்தக் கொட்டாயில என்னால இருக்க முடியாது. அவ்வளவுதான். நான் இன்னும் ஒண்ணுஞ் சொல்லல."

கடலில் நான் வாந்தி எடுத்தேன். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஏழு தடவை. மகனுக்கும் தலை சுற்றியது. என் மனைவி கப்பலின் விளிம்பில் நின்று, பரிசல்காரர் போலத் தண்ணீரை ஆராய்ந்துகொண்டு வந்தாள். இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு வயலுக்கும் பாயாதே என்பதுதான் கடலைப் பற்றி அவள் சொன்ன ஒரே கருத்து.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தலைமை ஆசிரியை மகளிடம் முக்கால் மணி நேரம் பேசினார். அதே முக்கால் மணி நேரம் என் மனைவி விடுதிச் சமையலறையில் இருந்தாள். விடுதியைப் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்து அம்மாள் பேசிய தமிழ் இவளுக்குப் பாதிதான் புரிந்தது, இவள் பேசியது அவருக்குக் கால்வாசி. ஆனாலும் ரசத்தில் தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்பது பற்றி இருவரும் நீண்ட விவாதம் நடத்தினார்கள். வெளியே வந்ததும் மகள் தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றாள். எனக்கு மகிழ்ச்சியில் பள்ளித் தோட்டத்து மரம் ஒன்றைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. என் மனைவி, "புள்ள சோறு உண்ணாம படுத்தா எழுப்பி உண்ணவெப்பீங்களான்னு கேட்டேன். வெப்போம்னு சொன்னாங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிறகு ஐந்து நாள் சுற்றினோம். தாவரத் தோட்டத்தில் நான் மரங்களின் சுற்றளவை என் மேல்துண்டால் அளந்தேன். பிள்ளைகள் எனக்குச் சம்பந்தமில்லாதவர்கள் போல் தள்ளி நின்றார்கள். மகன் ஒவ்வொரு பஸ்ஸின் முன்னாலும் குனிந்து ரேடியேட்டரைப் பார்த்தான். மகள் அம்மா முகத்தைப் பார்த்தாள். மழை வந்தால், இங்கே மழை அழகு என்பாள். அட்டை கடித்தால், அட்டை எங்கோ ஒன்றுதான் என்பாள். என் மனைவி காலிலிருந்து மூன்றாவது அட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, ஆமாம், ஒன்றுதான் என்பாள்.

செவ்வாய்க்கிழமை நுவரெலியா போகும் வழியில், மலைச்சரிவில் பஸ் பழுதாகி நின்றது. மகன் மகிழ்ச்சியோடு இறங்கி டிரைவரோடு சேர்ந்துகொண்டான். எதிரே தேயிலைத் தோட்டம். கொழுந்துக் கூடையோடு ஓர் அம்மாள் தண்ணீர் குடிக்க ஓடைக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கலாம். என் மனைவி, சேலை நனைகிறது, இங்கே வந்து உட்கார் என்கிற மாதிரி மகளிடம் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, நீங்க எந்தூருங்க?" என்றாள்.

எங்கள் ஊர்ப் பேச்சு. ஓர் எழுத்து மாறாமல் எங்கள் ஊர்ப் பேச்சு. எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்று சொல்லத் தடை இல்லை. என் மனைவி சொன்னாள். அந்த அம்மாளின் அப்பா போன தாது வருஷத்தில் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவராம். ஊர்ப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய ஆறும் வெற்றிலைக் கொடிக்காலும் இருக்கும் என்று அவர் சொல்வாராம். என் மனைவி தன் பாட்டனாரின் தம்பி பெயரைச் சொல்லி விசாரித்தாள். இல்லை, அவர் வேறு. அப்படியெல்லாம் கதையில்தான் அமையும்.

"அது ரொம்பத் தூரமுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

என் நோட்டில் மைல் கணக்கு இருந்தது. எடுக்கப் போனேன். மனைவி என் கையைத் தட்டினாள்.

"இங்கதானுங்க, பக்கத்துல" என்றாள். "ரெண்டு நாள்ல வந்துரலாமுங்க. நடுவுல ஒரு கொட்டாய்ல எங்கன்னு கேப்பாங்க. கேட்டாச் சொல்லிப்போடோணும். சொன்னா ஒண்ணும் ஆகறதில்லைங்க."

எள்ளுருண்டை டின்னை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டாள். பஸ் கிளம்பியபோது மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகன் கிரீஸ் கையோடு ஏறி, என்ன நடந்தது என்று கேட்டான். ரேடியேட்டரைப் பார்க்கப் போனால் இப்படித்தான் என்றேன்.

வீடு திரும்பிய பிறகும் என் மனைவி சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைகாசி முழுவதும் சொல்லவில்லை. ஆனி பிறக்கும்போது புதிதாக ஒரு பித்தளைக் கூஜா வீட்டுக்கு வந்தது, பழையதைவிடச் சிறியது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஐந்தே முக்கால். மகளைக் கண்டியில் கொண்டுபோய் விட மகன் கூடப் போகிறான். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. பரிசல் துறையில் பரிசல்காரர் கூஜாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, என் மனைவியிடம் முறையாகத்தான் கேட்டார்.

"அம்முணி தூரமுங்களா?"

"இங்கதானுங்க, பக்கத்துல. ஒரெட்டுப் போயிட்டு வந்துருவா."

சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்க வாயத் தொறந்துராதீங்க."

நான் திறக்கவில்லை. பரிசல் அக்கரை சேரும் வரை இருவரும் மணலில் நின்றோம். பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. அன்றைய நாட்குறிப்பில் கிழமையும் நேரமும் சரியாக இருக்கின்றன. மகள் போன ஊர் என்ற இடத்தில் மட்டும் 'பக்கத்தில்' என்று எழுதியிருக்கிறேன்.